பிழையும் நகைப்பும்

செப நூல்களின் பின்பக்கங்களில் அச்சாகும் ஆன்ம சோதனை வினாக்களை நாம் பல்லாண்டுகளாகப் படித்து வருகிறோம். பொய் சொன்னாயா, புறங்கூறினாயா, கூலியைக் குறைத்தாயா என்றெல்லாம் அவை கேட்கின்றன. ஒருவர் புதிய மொழியொன்றைக் கற்கத் தடுமாறுகையில் நகைத்தாயா என்று எந்த நூலும் கேட்டு நாம் கண்டதில்லை. பாவமென்று எண்ணும் அளவுக்கு அது பெரிதன்று என்றே நாமும் கருதியிருந்தோம். எம். புதுப்பட்டியில் ஒரு மாலைப்பொழுது அக்கருத்தைக் குலைத்துவிட்டது.

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஊர்களில் ஆங்கிலச் சொல் நுழையாத வீடு இல்லை எனலாம். ராக்கெட், பேன்சி, லேபிள், பண்டல், கிப்ட் பாக்ஸ், போர்மேன், லைசென்சு என்று நாளெல்லாம் அச்சொற்களிடையேதான் மக்கள் வாழ்கின்றனர். வடநாட்டுக் கடைகளுக்குச் செல்லும் பெட்டிகளின்மீது ஆங்கிலப் பெயர் பொறித்த தாளை ஒட்டும் கைகள் அவர்களுடையவை. ஆயினும் ஒரு முழு வாக்கியத்தைப் படிக்கச் சொன்னால், "நமக்கு இங்கிலீசு வராது சாமி" என்று ஒதுங்கிவிடுவர். அந்த 'வராது' என்னும் சொல்லை எப்படியாவது அகற்றிவிடலாம் என்ற துணிவில் சில மாதங்கள் மாலை வேளைகளில் அங்கு ஒரு வகுப்பு நடத்தினோம். பகலெல்லாம் பட்டாசு ஆலையில் உழைத்துவிட்டு, எவ்வளவு கழுவியும் நகக்கண்களில் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் போகாத கைகளோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்தனர்.

ஒருநாள், குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதி வரச் சொல்லியிருந்தோம். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்து நின்று படித்தாள். இரண்டாவது வாக்கியம் இது: "மை ஃபாதர் இஸ் மிக்ஸிங் மெடிசின்." நாம் சிரித்துவிட்டோம். சிரித்ததோடு நில்லாமல், "உங்க அப்பா என்ன, டாக்டரா, கம்பவுண்டரா?" என்றும் கேட்டோம். வகுப்பே சிரித்தது. 'நாம்' என்று எழுதும் வழக்கம் இவ்விடத்தில் ஒரு மறைவாகிவிடக் கூடாது. சிரிப்பைத் தொடங்கியவர் வகுப்பை நடத்தியவரே, வேறெவரும் அல்லர். அவள் மூன்றாவது வாக்கியத்தைப் படிக்காமல் அமர்ந்தாள். மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

வீட்டுக்குச் சென்றபோது அவள் தந்தை கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். "வாங்க சாமி" என்று கைகூப்ப முயன்றார். தீக்காயம் ஆறித் தோல் இழுத்துப்பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் மருந்து கலக்கும் அறையில் நேர்ந்த விபத்தில் தப்பியவர் அவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடு அறியும். ஓரிருவர் காயமுறும் விபத்துகள் அந்தந்தத் தெருவோடு நின்றுவிடுகின்றன. சுவரில் ஒரு மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனைச் சீட்டுகள், விபத்து அறிக்கையின் நகல், இழப்பீடு தொடர்பான கடிதங்கள் எல்லாம் அதனுள் இருந்தன, எல்லாம் ஆங்கிலத்தில். அவள் வகுப்புக்கு வந்தது ஆங்கிலத்தில் உரையாட அன்று. அந்தப் பையில் இருப்பதைப் படிக்க.

திரும்பி வரும் வழியெல்லாம் 'மருந்து' என்ற சொல்லே நம் மனத்தில் சுழன்றது. நோயைத் தீர்ப்பதும் மருந்து, வெடிக்குழாயில் செலுத்துவதும் மருந்து. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்குத் தமிழ்நாட்டில் வேறு பேச்சுவழக்கே இல்லை. நம் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் வீடுகளிலும் 'மந்து' என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. மலையாளத்திலும் அப்படியே. சீனர் வெடிமருந்தைத் 'தீ மருந்து' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். வியட்நாம் மொழியில் மருந்துக்கு 'துவொக்' என்று பெயர். வெடிமருந்துக்குத் 'துப்பாக்கி மருந்து' என்று பொருள்தரும் வகையில் அதே சொல்லை முன்னால் வைத்துச் சொல்கின்றனர். ஆகவே ஆங்கிலம் கற்கும் வியட்நாமியப் பெண் ஒருத்தி தன் தந்தையின் தொழிலை எழுத நேர்ந்தால், எம். புதுப்பட்டிப் பெண் எழுதிய அதே வாக்கியத்தை அவளும் எழுதக்கூடும். ஆசியாவின் பெரும்பகுதி ஒன்றாக வைத்திருக்கும் இரு பொருள்களை ஆங்கிலம் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. அவள் அறியாமையால் பிழை செய்தாள் என்று நாம் எண்ணினோம். அவளோ தன் தாய்மொழி கற்றுத்தந்ததைக் கணக்குத் தவறாமல் பின்பற்றியிருந்தாள்.

கற்போர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. நம் பிள்ளைகள் 'புக்கு', 'கேட்டு', 'கப்பு' என்று ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் ஓர் உகரத்தைச் சேர்க்கின்றனர் என்று பட்டணத்தார் நகைப்பதுண்டு. வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் வாரா என்பது தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் விதி. 'இஸ்கூலு' என்பதில் முன்னே வந்து நிற்கும் இகரமும் அத்தகையதே; இரண்டு மெய்கள் சேர்ந்து ஒரு சொல்லைத் தொடங்குவதைத் தமிழ் ஏற்பதில்லை. இலக்கண நூலைத் தொட்டுப் பாராத ஒரு பெண்ணின் நாவில் தொல்காப்பியர் அமர்ந்திருக்கிறார், நாமோ சிரிக்கிறோம்! வியட்நாமியர் நிலை வேறு. உரோமை எழுத்திலேயே தம் மொழியை எழுதுவதால் ஆங்கில எழுத்துகள் அவர்களுக்கு அறிமுகமானவை. ஆனால் சொல்லிறுதி ஸகரம் அவர்கள் நாவில் நழுவிவிடும். அவர்களுடைய வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. ஆகவே நேற்று நடந்ததையும் இன்று நடப்பதுபோல் எழுதிவிடுவர்.

வியட்நாமியருக்கு அந்த உரோமை எழுத்து வந்த வரலாற்றில் ஒரு சிறுவனுக்கும் பங்கு உண்டு. அவிஞ்ஞோன் நகரில் பிறந்த அலெக்சாந்தர் தெ ரோட் என்னும் இயேசு சபைக் குரு, கோவா வழியாகக் கீழைநாடு சென்று, 1624ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டின் கரையில் இறங்கினார். மக்கள் பேசுவது முதலில் பறவைகளின் கீச்சொலிபோல் கேட்டதாகவும், அம்மொழியைக் கற்கும் நம்பிக்கையையே இழந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். அங்கே 'மா' என்ற ஓரசை, குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்பப் பேய், தாய், கல்லறை, குதிரை, நாற்று என்றெல்லாம் பொருள் மாறும். தாயைப் பேயென்று சொல்லிவிட ஒரு நொடி போதும். அவருக்கு ஆசானாக வாய்த்தவன் உள்ளூர்ச் சிறுவன் ஒருவன். அவன் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி அவனுக்குத் தெரியாது. மூன்றே வாரங்களில் எல்லாத் தொனிகளையும் அவன் தமக்குக் கற்பித்ததாக அக்குருவே நன்றியோடு குறித்து வைத்துள்ளார். தமக்கு முன் உழைத்த போர்த்துக்கீசியக் குருக்களின் சேகரங்களையும் கொண்டு அவர் ஆக்கிய அகராதி, வியட்நாமியம், போர்த்துக்கீசியம், இலத்தீன் என்னும் மும்மொழி நூலாக 1651இல் உரோமையில் அச்சேறியது.

நம் கடற்கரையிலும் இத்தகைய காட்சி உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியாருக்குத் தாய்மொழி பாஸ்கு, தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைச் சேர்த்துக் கற்பித்தார். அந்த முதல் தமிழ் விசுவாச அறிக்கையில் ஒரு பிழை இருந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று அமைந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்கு மாறாகக் கடவுள் எனக்கு வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. 1544இல் தம் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்கு எழுதிய மடலில் சவேரியார் இதனை எடுத்துக்காட்டி, 'வேணும்' என்பதை நீக்கி 'விசுவாசம்' என்னும் சொல்லை வைக்கப் பணிக்கிறார். ஆண்டவரின் பாடுகளைக் கூறும் இடத்தில் 'கட்டாயத்தால்' என்று பொருள்தரும் ஒரு சொல் நுழைந்திருந்ததையும், அவர் மனமுவந்தே பாடுபட்டார் என்ற காரணம் காட்டி விலக்குகிறார். யாரோ ஒரு கடற்கரைத் தமிழர் அவரிடம், "சாமி, அது அந்தப் பொருளைத் தராது" என்று சொல்லியிராவிட்டால் இத்திருத்தம் நிகழ்ந்திருக்க முடியாது. (எனக்கு வேணும் என்பதும் கெட்ட செபமன்று என்று நமக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு. அது வேறு பொருள்.)

சவேரியாரின் பிழையை நாம் பரிவோடு நினைக்கிறோம். இன்றும் வெளிநாட்டார் ஒருவர் மேடையேறி 'வண்ணக்கம்' என்றால் கைதட்டுகிறோம். நம் ஊர்ப் பெண் 'மெடிசின்' என்றபோது மட்டும் எங்கிருந்து வந்தது அந்தச் சிரிப்பு? பிழையின் அளவு ஒன்றுதான், ஆள்தான் வேறு. தூய தாமஸ் அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் ஏளனம் என்னும் பாவத்தைத் தனியே எடுத்து ஆராய்கிறார். குருமடத்தில் அப்பகுதியைத் தேர்வுக்காகப் படித்து மறந்திருந்தோம். இப்போது எடுத்துப் பார்த்தோம். ஏளனம் செய்பவனின் நோக்கம் மற்றவனை நாணச் செய்வதே என்கிறார் அவர். பெருங்கேட்டை எவரும் விளையாட்டாக எடுப்பதில்லை. ஆகவே ஒருவரது குறையைக் கண்டு நகைக்கிறோமெனில், குறை சிறியது என்பதால் நகைக்கலாம், அல்லது குறையுடைய ஆளே சிறியவர் என்று மதிப்பதால் நகைக்கலாம். முன்னது சிறு குற்றமாக நின்றுவிடலாம். ஆளையே பொருட்படுத்தத் தகாதவராக எண்ணி நகைப்பது கடும் பாவம் என்று அவர் தயக்கமின்றி எழுதுகிறார்.

தூய அகுஸ்தினாரும் நமக்குத் துணை வருகிறார். மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியராக விளங்கியவர். ஆயினும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த தம் உச்சரிப்பை இத்தாலியர் குறைகூறி வந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். இலத்தீனில் 'மனிதன்' என்ற சொல்லின் தொடக்கத்திலுள்ள ஹகரத்தை விழுங்கிவிடுபவன்மீது உலகம் கொள்ளும் சினம், மனிதனையே வெறுப்பவன்மீது கொள்ளும் சினத்தைவிடப் பெரிதாக இருப்பதைத் தம் 'அறிக்கைகள்' நூலில் கசப்போடு சுட்டுகிறார்.

இவற்றையெல்லாம் படித்தபின், அவளிடம் மன்னிப்புக் கேட்டு வகுப்புக்கு அழைத்து வந்தோம். அதன்பின் வேறொரு தவற்றில் விழுந்தோம். அவள் எழுதிய எதையும் திருத்த நமக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். காலப்பிழைகளைக் கண்டும் காணாததுபோல் விட்டோம். அன்பு என்று நாம் அதற்குப் பெயரிட்டிருந்தோம். இரண்டு வாரம் பொறுத்திருந்து அவள் தனியே வந்து நின்றாள். "சாமி, எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னே போடுறீங்க. அன்னைக்குச் சிரிச்சீங்க, எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா மெடிசின் தப்புன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. இப்ப எது தப்புன்னே தெரியல."

இதற்கு நம்மிடம் விடையில்லை. சிரித்தபோது அவளைச் சிறியவளாக எண்ணினோம். திருத்தாமல் விட்டபோதும் அப்படியே எண்ணியிருக்கிறோம், இம்முறை இரக்கத்தின் பெயரால். வேலைக்கு நேர்காணல் செய்பவரும் இழப்பீட்டு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரும் நம்மைப்போல் 'நன்று' எழுதித் தரமாட்டார்கள். குற்றம் செய்த சகோதரனைத் தனிமையில் கண்டு திருத்துமாறு ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் பணிப்பதை, ஒழுக்கக் குற்றங்களுக்கு மட்டுமே உரியதாகப் போதித்து வந்தோம். சொற்பிழைக்கும் வாக்கியப்பிழைக்கும் அது ஒத்துவரும் என்று எண்ணிப்பார்த்ததே இல்லை. அன்றுமுதல் அவள் குறிப்பேட்டில் சிவப்பு மையை ஒதுக்கிவிட்டுப் பென்சிலால் குறியிட்டு, வகுப்பு முடிந்தபின் ஒவ்வொன்றாகக் காரணத்தோடு சொல்லி வந்தோம். அவள் எதிர்க்கேள்விகள் கேட்டாள். சிலவற்றுக்கு நமக்கே இலக்கண நூலைப் புரட்ட வேண்டியிருந்தது.

சில வாரங்களுக்குப் பின் மஞ்சள் பையைக் கொண்டுவந்தாள். விபத்து அறிக்கையின் நகலைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "வாஸ் மிக்ஸிங்" என்ற இடத்தில் விரலை வைத்து நின்று, "இஸ் இல்ல, வாஸ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த சொல் 'கம்போசிஷன்'. நாம் தடுமாறிப்போனோம். கம்போசிஷன் என்றால் நமக்குத் தெரிந்தது பள்ளியில் எழுதிய கட்டுரை. அதற்கென்றே தனிக் குறிப்பேடு வைத்திருந்தோம். தீவிபத்து அறிக்கையில் கட்டுரைக்கு என்ன வேலை என்று புரியாமல், "இது ஏதோ அச்சுப்பிழையா இருக்குமோம்மா" என்றோம்.

அவள் தாளை நம் பக்கம் திருப்பினாள். "இல்ல சாமி. மருந்து கலக்குற ரூம்ல பலகையில இந்தச் சொல்லு இருக்கும்னு அப்பா சொல்லுவாரு. இதுதான் நம்ம மருந்து." சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தன் பழைய குறிப்பேட்டைத் திறந்து, அந்த இரண்டாவது வாக்கியத்தில் 'மெடிசின்' என்பதை அடித்துவிட்டுப் புதிய சொல்லை எழுதத் தொடங்கினாள். நடுவில் ஓர் எஸ்ஸா, இரண்டா என்று கேட்டாள். நாம் அகராதியைத் தேடி எழுந்தோம்.