பொழுது விடியாமல் தேதி கிழிக்காதே



திருவாதவூரில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். சிவகாசியில் அச்சடித்து, மளிகைக் கடைக்காரர் தை பிறப்பதற்கு முன்னால் கொடுப்பது. அதில் தாள் கிழிக்கும் உரிமை அப்பத்தாவுக்கு மட்டும்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இருட்டோடு எழுந்து நான் முந்திக்கொண்டு போனால், "பொழுது விடியாம தேதியக் கிழிக்காதடா" என்று பாயில் கிடந்தபடியே அதட்டுவார். கிழித்த தாளும் வீணாகாது. பின்பக்கம் பால் கணக்கு எழுத வேண்டுமே.

இன்றைய தாள் செப்டம்பர் 11. இந்தத் தேதியில் நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால், ஒரே நாள் இவ்வளவையும் எப்படித் தாங்கியது என்று தோன்றும்.

1893-இல் இதே நாளில்தான் சிகாகோவில் சர்வசமய மாநாடு தொடங்கியது. விவேகானந்தரைக் காலையிலேயே பேச அழைத்தார்கள். கூட்டத்தைப் பார்த்து அவருக்கு நாக்கு உலர்ந்து போயிற்று. அப்புறம், அப்புறம் என்று தள்ளிக்கொண்டே போய், பிற்பகலில்தான் எழுந்தார். அவரை அந்த மாநாட்டுக்குப் போகச் சொன்னவர்களில் ஒருவர் ராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் பாம்பனில் திரும்பி வந்து இறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியை ஆட்களே இழுத்தார்கள். அவர்களில் சேதுபதியும் ஒருவராக நின்று வடம் பிடித்தார். ஜமீன்தார் வண்டி இழுத்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

1906-இல், இதே தேதியில், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் எம்பயர் தியேட்டர் என்ற நாடகக் கொட்டகையில் சுமார் மூவாயிரம் இந்தியர்கள் கூடினார்கள். இந்தியர் ஒவ்வொருவரும் பத்து விரல் ரேகையையும் பதித்து, சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் வரவிருந்தது. பணிய மாட்டோம் என்று அந்தக் கொட்டகையில் கடவுள் பெயரால் சத்தியம் செய்தார்கள். சத்தியாகிரகம் என்ற பெயர் அப்போது பிறந்திருக்கவில்லை. செயல் முன்னால் வந்தது, பெயர் பின்னால் வந்தது. அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

1957-இல் இதே நாள் இரவு, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து தீண்டாமையை எதிர்த்து நின்றவர். முதல் நாள்தான், முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் மற்றத் தலைவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேசியிருந்தார். வயது 32. காலண்டர் தாள்களில் 'வரலாற்றில் இன்று' என்று சில வரி போடுவார்கள். நான் பார்த்தவற்றில் சிகாகோ உண்டு, நியூயார்க் உண்டு. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய பரமக்குடி ஒன்றில்கூட இல்லை. ஆனால் வருஷா வருஷம் செப்டம்பர் 11-இல் அவர் நினைவிடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் போகிறார்கள். அவர்களுக்குத் தாள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

நியூயார்க்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2001-இல் முதல் விமானம் மோதியது அங்கே காலை 8.46. நமக்கு மாலை ஆறேகால், விளக்கு வைக்கிற நேரம்.

நான் பேச வந்தது 1921-ஐப் பற்றி. அன்று ஞாயிற்றுக்கிழமை. திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோவில் தெரு வீட்டில், பாரதியார் வயிற்றுக்கடுப்பில் படுத்துக் கிடந்தார். வயது 38. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னால், 1904-இல், மதுரையில் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாகத் தமிழாசிரியராக இருந்தவர். விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக வந்த தற்காலிக வேலை. சம்பளம் பதினேழரை ரூபாய். விவேகானந்தருக்கு வண்டி இழுத்த ராமநாதபுரம் சேதுபதி வம்சத்தின் பெயர்தான் அந்தப் பள்ளிக்கும். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு மதுரைக்காரர்களாகிய நாங்கள் பாரதி எங்கள் ஊர் வாத்தியார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறோம். விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அன்று இரவு நடுச்சாமம் தாண்டி, ஒன்றரை மணி வாக்கில் உயிர் பிரிந்தது. பிறகு தொடங்கியது தேதி வழக்கு. நள்ளிரவு கடந்துவிட்டதே, அப்படியானால் 12-ஆம் தேதிதானே என்றது பதிவேடு. ஆய்வாளர்கள் சிலரும் 12 என்றே எழுதினார்கள். வீடுகளிலும் மேடைகளிலும் 11 என்றே நின்றது. பாரதி மறைவின் நூற்றாண்டில், 2021-இல், தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது.

யார் சொல்வது சரி? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் தாத்தாவின் சாவு ஞாபகம் வரும். ஒரு மாசி மாதம், சனிக்கிழமை இரவு. சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை. சேவல் கூவவில்லை. காலையில் பாடை கட்டும்போது பேச்சு வந்தது. சனிப் பிணம் தனிப் போகாது என்பார்களே. சனிக்கிழமை செத்தவரோடு ஒரு கோழிக்குஞ்சைப் பாடையில் கட்டி அனுப்ப வேண்டும். சித்தப்பா பட்டணத்தில் வேலை பார்ப்பவர். "பன்னெண்டு மணிக்கே ஞாயித்துக்கெழம பொறந்துருச்சு, கோழியெல்லாம் வேணாம்" என்றார். அப்பத்தா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "விடிஞ்சாத்தானடா ஞாயிறு? சாமத்துல எப்படிடா ஞாயிறு வரும்?" கோழி கட்டினார்கள். சான்றிதழில் ஞாயிறு என்று எழுதி வந்தது. அப்பத்தா கடைசிவரை சனி என்றுதான் சொன்னார்.

அப்பத்தா பஞ்சாங்கம் படித்தவர் இல்லை. ஆனால் பஞ்சாங்கம் சொல்வதும் அதைத்தான். நமக்கு நாள் என்பது சூரியன் உதித்தால் தொடங்கும், மறுநாள் உதிக்கும்வரை நீளும். நள்ளிரவில் நாள் மாறுவது கடிகாரக் கணக்கு. பாரதி போனது நம் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை இரவு, 11-ஆம் தேதி. பதிவேட்டுக்காரர் அவர் கணக்கில் சரி, நாம் நம் கணக்கில் சரி.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் வேறு எதற்கோ நேரக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தட்டுப்பட்டது. சிகாகோவில் பிற்பகல் என்றால் நமக்கு என்ன நேரம்? நடுச்சாமம் கடந்து, கோழி கூப்பிடுவதற்கு முன். விவேகானந்தர் எழுந்து நின்ற அந்த நேரத்தில் ராமநாதபுரத்தில் சேதுபதி தூங்கிக்கொண்டிருந்திருப்பார். கடிகாரப்படி இங்கே 12-ஆம் தேதி பிறந்திருந்தது. அப்பத்தா கணக்குப்படி இன்னும் 11. ஆக, ஒருவர் அந்த மாநாட்டில் முதல் பேச்சைப் பேசியதும், இருபத்தெட்டு ஆண்டு கழித்து இன்னொருவர் பேச்சு நின்றதும், நம் ஊர் வானத்தின் கீழே பார்த்தால் ஏறக்குறைய ஒரே சாமம். செப்டம்பர் 11 இரவின் கடைசிப் பகுதி. இதில் ரகசியம் எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. 365 நாளுக்குள் உலகத்துச் சங்கதி எல்லாம் அடங்க வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குச் சீக்கிரம் தூக்கம் வரவில்லை.

தேதியை எழுதுகிறவர் கை எப்படியெல்லாம் போகும் என்பதற்கு எங்கள் வகுப்பே சாட்சி. அப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. வாத்தியார் மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எங்கள் வகுப்பில் ஏழு பேருக்கு ஒரே பிறந்த நாள். அம்மாவைக் கேட்டால் புரட்டாசி, உத்திரட்டாதி, அடைமழை என்பார். நட்சத்திரமும் மழையும் தெரியும். ஆண்டைக் கேட்டால், சிவப்புப் பசு கன்று போட்ட வருஷம்.

எங்கள் ஊரில் பிறந்த பெரிய மனிதருக்கும் அதே கதைதான். மாணிக்கவாசகர் எந்த நூற்றாண்டு என்று கேளுங்கள். மூன்று என்பார்கள், ஒன்பது என்பார்கள், இடையிலும் சொல்வார்கள். இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சிதம்பரத்தில் அவர் இறைவனோடு கலந்த நாள் எது என்றால் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆனி மகம். ஆண்டு தொலைந்து போயிற்று, நாள் மட்டும் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது. இதே திருவாதவூர் மலைக் குகையில், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்தில், சமண முனிவர்களுக்கு இடம் வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர் இருக்கிறது. அங்கே நாளும் இல்லை, ஆண்டும் இல்லை. பெயர் மட்டும்.

ஆவணி மூலத்தையொட்டி மாணிக்கவாசகர் இங்கிருந்து கிளம்பி மதுரைக்குப் போவார். மீனாட்சி கோவிலின் புட்டுத் திருவிழா அவர் இல்லாமல் நடக்காது. அவர் பொருட்டுத்தானே சொக்கநாதர் வைகைக் கரையில் மண் சுமந்து அடி வாங்கினார். சில வருஷம் அது ஆகஸ்டில் வரும், சில வருஷம் செப்டம்பரில். பல்லக்கு தூக்குகிறவர்கள் ஆங்கிலத் தேதி பார்ப்பதில்லை. மூலம் என்றைக்கு என்று கேட்பார்கள், தோளுக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள்.

அப்பத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது. காலண்டர் இப்போது என் பொறுப்பு. கைபேசியில் நள்ளிரவு பன்னிரண்டுக்கே 11 என்று வந்துவிட்டது. சுவரில் நான் 10-ஐ அப்படியே விட்டுவைத்தேன். காலை ஆறு மணி தாண்டி, தென்னை மட்டையில் வெயில் விழுந்த பிறகுதான் கிழித்தேன். பின்பக்கம் பால்காரருக்கு எழுதியாயிற்று: அரை லிட்டர் கூடுதல்.