நாய்க்கு நற்கதி உண்டோ?

செஞ்சிச் சீமையிலே, பனமலை ஏரியை அடுத்து எழுந்து நிற்கும் குன்றின்மீது, ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீசுவரர் ஆலயத்தை நாடி வருகிற கலாரசிகர் பலரும், அங்கே சிறு சந்நிதியொன்றின் சுவரில், மகுடம் தரித்துக் குடைநிழலில் நின்றவாறு ஈசன் ஆடும் ஆட்டத்தைக் கண்டு லயித்திருக்கும் உமாதேவியின் ஓவியத்தைத் தரிசிக்கவே வருகிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளின் வெயிலும் மழையும் அந்த வர்ணங்களைப் பெரிதும் கவர்ந்துகொண்ட பின்னரும், தேவியின் முகத்திலுள்ள சாந்தத்தை அவற்றால் கவர முடியவில்லை. ஈசனின் அந்த ஆட்டத்துக்குள்ளே எறும்பு முதல் யானை ஈறாகச் சகல ஜீவராசிகளும் அடக்கம் என்பதும், உயிர்களுக்குள் தோன்றும் பேதம் வினைக்கு ஈடாக வந்த உடம்பின் பேதமேயன்றி உயிரின் பேதமன்று என்பதும் சைவர்களுடைய சித்தாந்தம். அங்ஙனமாயின், தரிசனத்துக்கு வருவோரின் பின்னால் தானும் குன்றேறி வந்து, சந்நிதி வாசலோடு நின்றுவிடுகிற ஊர்நாயின் கதி என்ன? மனிதன் ஏரைக் கண்டுபிடிப்பதற்கு முன்னரே, பசுவையும் ஆட்டையும் பழக்குவதற்கும் முன்னரே, அவனுடைய நெருப்பருகே வந்து படுத்துக்கொண்ட முதல் மிருகம் அது. அத்தனை நெடுங்காலம் உடன்வந்த ஒன்றை நற்கதியின் வாசலில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் உள்ளே போவது நியாயமாகுமா என்ற கேள்வி, குழந்தைகள் கேட்பதுபோலத் தோன்றினாலும், பாரதத்தின் ஆசிரியர் தம் மாபெரும் நூலின் முடிவில் எடுத்து வைத்த கேள்வியும் அதுவே.

மகாப்பிரஸ்தானிக பருவத்தின் கதையை அறியாதார் இல்லை. மரவுரி தரித்து அஸ்தினாபுரத்தை நீத்து வடக்கே நடந்த பாண்டவர் ஐவரோடும் திரௌபதியோடும் ஏழாவதாக ஒரு நாய் கூட நடந்தது. திரௌபதி விழுந்தாள், சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன் என்று ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் தருமபுத்திரனும் அந்த நாயுமே எஞ்சி நிற்க, இந்திரன் தேரோடு வந்து அவனை மட்டும் ஏறச் சொன்னான். நாயை உடன்கொண்டவர்களுக்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்றும், அவர்கள் செய்த வேள்விப் பயனைக் குரோதவசர் என்னும் கணங்கள் கவர்ந்துகொள்ளும் என்றும், தம்பியரையும் மனைவியையும் துறந்துவந்தவன் ஒரு நாயைத் துறப்பதற்குத் தயங்குவது விந்தை என்றும் இந்திரன் எடுத்துரைத்த வாதங்கள் சாமானியமானவையல்ல. அதற்குத் தருமன் சொன்ன விடையை நாம் அவசரமாகப் படித்துவிட்டு அடுத்த அற்புதத்துக்குப் போய்விடுகிறோம். இறந்தவர்களோடு நட்பும் இல்லை, பகையும் இல்லை. அவர்களை எழுப்ப என்னால் ஆகாதென்று கண்டபின்பே விட்டுவந்தேன். உயிரோடிருக்கையில் ஒருவரையும் விட்டதில்லை. அன்பு கொண்டு அண்டியதைக் கைவிடுவது, அடைக்கலம் புகுந்தவரைக் காட்டிக்கொடுப்பது முதலான மகாபாதகங்களுக்கு நிகர் என்பது அவன் விடையின் சாரம்.

இந்த விடையில் நாயின் குணம் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது நன்றியுள்ளது, வேட்டையில் உதவியது, காவல் காத்தது என்றெல்லாம் தருமன் வாதாடவில்லை. அது என்னோடு வந்தது, வேறு கதியற்றது, ஆகையால் விடமாட்டேன் என்கிறான். பக்தி செய்பவனுக்குப் பக்தியால் என்ன பயன் என்று சாஸ்திரங்கள் விரிவாகப் பேசும். பக்தியைப் பெற்றுக்கொண்டவனுக்கு அதனால் நேரும் கடமை என்ன என்பதை இவ்வளவு திட்டமாகப் பேசிய இடம் பிறிதொன்றை நான் அறியேன்.

அந்த நாய் உண்மையில் நாயன்று, தருமதேவதையே அவ்வுருவில் வந்து சோதித்தது என்று அடுத்த கணமே கதை நமக்குச் சொல்லிவிடுகிறது. மைந்தனுடைய செயலின் பெருமை இதனால் சிறிதும் குறையாது; அவன் அதை நாயென்றே எண்ணினான், நாய்க்காகவே சுவர்க்கத்தை வேண்டாமென்றான். ஆயினும் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. நாயைத் தேவனாக்காமல் சுவர்க்கத்துக்குள் அனுமதிக்கக் கதாசிரியருக்கே மனம் துணியவில்லை போலும்! தருமதேவதை வேடத்தைக் கலைத்தவுடன், மலைப்பாதையில் கூடவே நடந்து வந்த அந்த ஏழாவது பிராணி கதையிலிருந்தே மறைந்துவிடுகிறது. மெய்யான நாய் ஒன்று அங்கே நின்றிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பதற்கு வியாசரிடம் விடை இல்லை.

ஆனால் அதே பாரதத்தின் தொடக்கத்தில் மெய்யான நாய் ஒன்று உண்டு. குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் வேள்வி நடத்துகையில், ஓமப் பொருளை முகராமலும் நக்காமலும் சும்மா வந்து நின்ற சரமையின் குட்டியை அரசனுடைய தம்பியர் அடித்துத் துரத்தினார்கள். தாய் நாய் வந்து, என் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்டது. அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. காணாத இடத்திலிருந்து உங்களுக்குப் பயம் வரும் என்று அது சபித்தது. சாம்ராஜ்யாதிபதியான ஜனமேஜயன் அந்தச் சாபத்துக்கு அஞ்சிச் சாந்தி செய்விக்கப் புரோகிதரைத் தேடி அலைந்தான். உத்தரகாண்டத்தோடு சேர்த்து வழங்கும் கதையொன்றிலும், வழியில் கிடந்ததற்காக ஒரு பிராமணனால் மண்டையில் அடிபட்ட நாய், ஸ்ரீராமனின் சபைக்கே வந்து வழக்குரைத்து நீதி பெறுகிறது. நாயை விசுவாசத்தின் சின்னமாக மட்டும் கண்டு மகிழ்கிற நமக்கு, இதிகாசங்கள் அதைப் பெரும்பாலும் வாதியாகவே கொண்டுவந்து நிறுத்துவது சங்கடமாக இருக்கலாம். குற்றமற்ற உயிர் அடிபட்டது, அடித்தவனுக்குச் சொல்ல நியாயமில்லை என்பதே அந்த வழக்குகளின் சாரம்.

வியாசர் விட்ட இடத்தைத் தொட்டு நிறைவு செய்தவர் ஒரு தமிழர் என்பதில் நாம் பெருமைப்படலாம். சீவக சிந்தாமணியில், சோற்றைத் தீண்டியதற்காக அந்தணர்களால் நையப் புடைக்கப்பட்டு உயிர் துடிக்கும் நாயொன்றைச் சீவகன் காண்கிறான். பிழைக்கவைக்க வழியில்லை. அவன் குனிந்து அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். கேட்டவாறே உயிர்விட்ட நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகி, மீண்டு வந்து அவனை வணங்குகிறது. பின்னர்க் கட்டியங்காரன் ஏவலால் சீவகனுக்கு நேரவிருந்த மரணத்திலிருந்து அவனைக் காப்பாற்றியதும் அத்தேவனே. திருத்தக்கதேவர் எந்தத் தேவனையும் நாயாக வேடமிட்டு அனுப்பவில்லை. தெருவில் அடிபட்ட நாய், நாயாகவே செத்து, தேவனாக எழுகிறது. இது கவியின் கற்பனை மாத்திரமன்று. ஐம்பொறியும் மனமும் வாய்ந்த விலங்கு நற்காட்சி பெறக்கூடும், ஓரளவு விரதங்களையும் கைக்கொள்ளக்கூடும் என்பது ஜைன சமயத்தின் தீர்மானமான கொள்கை. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் ஒரே பாறையில் பொலியும் திருநாதர்குன்றும், அதன்கண் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் தொன்மையான கல்வெட்டும், தமிழ் ஜைனர்களின் மடம் இன்றும் விளங்கும் மேல்சித்தாமூரும் இந்தச் செஞ்சி வட்டாரத்திலேயே இருக்கின்றன. எவ்வுயிரும் பிறவுயிருக்கு உபகாரமாயிருத்தலே உயிரின் இயல்பு என்று கற்பித்த சமயத்தார் நெடுங்காலம் நடமாடிய பூமி இது.

ஜைன முனிவர்கள் பாடியதாக வழங்கும் நாலடியார், யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என்று சொல்லும். நெடுநாள் பழகிய பாகனையே யானை கொன்றுவிடும். நாயோ, எறிந்த வேல் தன் உடம்பில் தைத்திருக்கும்போதே எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும். இந்த உவமையில் நட்பின் இலக்கணத்தைக் கண்டவர்கள் பலர். எனக்கு அதில் வேலை எறிந்த கை முதலில் தெரிகிறது. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் தம்மை நாயினும் கடைப்பட்டவராகச் சொல்லிக்கொண்டு, அத்தகைய தமக்கும் தாயினும் மேலான தயை செய்தவன் இறைவன் என்று உருகுகிறார். நாயாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு ஆண்டவன் வாசலில் கிடக்கிற பக்தன், ஆண்டவன் தன்னை ஒருபோதும் உதைத்துத் தள்ளமாட்டான் என்று உறுதியாக நம்புகிறான். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் யாது? அண்டியதைக் கைவிடலாகாது என்ற தருமம் ஆண்டவனையும் கட்டும் என்பதே. ஆண்டவனைக் கட்டும் தருமம், திருவாசகத்தை ஓதிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவனை வாசற்படியில் கட்டாமற் போய்விடுமோ?

சாஸ்திரம் கற்றவர்கள் இங்ஙனம் ஆராய்ந்துகொண்டிருக்க, ஆநிரை மேய்த்த எளிய ஜனங்கள் தங்கள் தீர்ப்பைக் கல்லிலே எழுதி நட்டுவிட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான். அவனுக்கு எடுத்த நடுகல்லில் அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரைக் குறித்து, அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைத் தனி வாசகமாகவும் பொறித்திருக்கிறார்கள். இதே மகேந்திரன் செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையுமின்றிக் குடைவித்த கோயிலை வரலாற்றாசிரியர்கள் போற்றுகிறார்கள், போற்றத்தக்கதே. ஆனால் அக்காலத்து மனிதர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? எருமை மேய்த்தவனின் நாய்க்குப் பெயர் நிலைத்துவிட்டது. கன்னட தேசத்து ஆதகூரிலும் இத்தகைய கல் ஒன்று உண்டு: கி.பி. 949-50ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, தக்கோலப் போரில் ராஜாதித்த சோழன் வீழ்ந்ததைச் சொல்லும் அதே கல்லில், காட்டுப்பன்றியோடு பொருது அதனைக் கொன்று தானும் மடிந்த காளி என்னும் வேட்டைநாயின் கதையையும் சொல்லி, அக்கல்லுக்குப் பூசை செய்ய நிலமும் விட்டு, பூசை செய்யாமல் உண்பது பாவமென்றும் விதிக்கிறது.

இந்தக் கல்லெழுத்துக்களுக்கு உரை வேண்டுவோர் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. அறுவடை முடிந்த கழனியில் பட்டி போடும் இடையரைப் பார்த்தால் போதும். இருட்டியதும் படலைச் சாத்திவிட்டு அவர் கேழ்வரகுக் களியைப் பிட்டு உண்ண உட்காருகையில், நாய் சற்றுத் தள்ளி, முன்னங்கால்களின்மேல் தாடையை வைத்து, ஒரு காதை இருட்டின் பக்கம் திருப்பிப் படுத்திருக்கும். அதன் பார்வை களியில் இராது, அவர் முகத்தில் இருக்கும். கடைசிக் கவளத்தை அவர் ஒரு கல்லின்மேல் வைப்பார். தின்றுவிட்டு மீண்டும் படலுக்குக் குறுக்கே அதே இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தக் கவளம் கூலியா, அன்பா என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது.

நம் காலத்துக்கு மிக அண்மையில், திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷிகள் இக்கேள்வியை வாதத்தால் தீர்க்கவில்லை, நடத்தையால் தீர்த்தார். மிருகங்களை அஃறிணையில் பேசுவது அவர் வழக்கமில்லை. பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் விசாரித்தால் ஆசிரமத்து நாய்களையே குறித்தது. முதலில் நாய்களுக்கும், அடுத்து யாசகர்களுக்கும், அதன்பின்பே அடியார்களுக்கும் அன்னமிடுவது அங்கே ஏற்பட்ட ஒழுங்கு. அவர் மலைமேல் வசித்த நாட்களில், புதிதாக வந்தவரைக் கூட்டிப்போய்க் காட்டிவா என்று கமலா என்னும் நாயிடம் சொன்னால், அது அவரை மலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சந்நிதிக்கும் தீர்த்தத்துக்கும் அழைத்துச் சென்று திரும்பும். என்ன வினையைக் கழிக்க எந்த உயிர் இவ்வுடம்பில் வந்திருக்கிறதோ, நாம் யார் தடுக்க என்பது அவருடைய நோக்கு. ரமணாசிரமத்தில் லக்ஷ்மி என்ற பசுவுக்கும், மானுக்கும், காகத்துக்கும் அருகே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. பிராமணனையும் பசுவையும் யானையையும் நாயையும் ஞானியர் சமமாகக் காண்பர் என்று கீதை சொன்னதற்கு மண்ணிலே ஓர் அத்தாட்சி வேண்டுமானால் அதை அங்கே போய்ப் பார்க்கலாம்.

வெறிபிடித்த நாயையும் குழந்தைகளைக் கடிக்கும் நாயையும் என்ன செய்வது என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. தருமம் மனிதக் குழந்தையைப் பலியிடச் சொல்லாது. ஆனால் நாய் வெறிகொள்வதும் பசியால் தெருவில் திரிவதும், வளர்த்தவன் ஊசி போடாமல் விட்டதாலும் குட்டியை வீதியில் எறிந்ததாலும் பெரும்பாலும் நேர்வன. ஆதலால் அந்தப் பாவக் கணக்கை நாயின் பேரில் எழுதுவது முறையன்று. நாய்க்கு நற்கதி உண்டு என்பதே, இத்தனையும் நினைத்துப் பார்த்தபின் என் முடிவு. அதைக் கைவிட்டவனுக்கு உண்டா என்பதில்தான் எனக்கு ஐயம்.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில், மேலச்சேரித் திரௌபதி அம்மனை ஆதியாகக் கொண்டு, ஆண்டுதோறும் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பாரதம் நடக்கிறது. படுகளத்தில் துரியோதனன் விழுந்து, தீமிதி முடிந்து, தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனவுடன் பெரும்பாலும் கொடியிறக்கி விடுகிறோம். வில்லிபுத்தூராரும் சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டபடியால், பாரதத்தின் மிக உயர்ந்த கட்டம், பாரதத்தைக் குலதர்மமாகப் பேணுகிற நம் ஜனங்களின் காதில் விழாமலே போகிறது. ஊர்ப் பெரியவர்களும் கூத்து வாத்தியார்களும் தயவுசெய்து பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் ஒரு பொழுதை ஒதுக்கி, ஐவரும் திரௌபதியும் நாயுமாக வடக்கே நடந்த கதையைப் பிரசங்கமாகவாவது சொல்லவைக்க வேண்டுகிறேன். பதினெட்டுப் பருவத்தையும் பாடி முடித்த நல்லாப்பிள்ளை பாரதத்தில் அதற்கு வேண்டிய செய்யுட்கள் இருக்கின்றன.