பணிவு பயிலப்படுமோ?

பணிவு எல்லாச் சமயத்தாராலும் உடன்படப்பட்ட நற்குணமாம். ஆயினும், அதனைப் பயிலுமாறு எங்ஙனமென ஆராயப்புகின் ஓரிடர்ப்பாடு தோன்றுகின்றது. ஈகை பயில்வான் தான் ஈந்ததனை அறிதலால் ஈகை ஒழிவதில்லை. வாய்மை பயில்வான் தான் பொய்யாமையை அறிதலால் வாய்மை ஒழிவதில்லை. பணிவு பயில்வானோ, 'யான் பணிவுடையேன்' என்று தன்னை மதித்த அக்கணமே அதனை இழந்தவனாகின்றான். அற்றேல், அக்குணம் முயற்சியாற் பெறப்படுமோ, படாதோ? இவ்வினாவைக் கிறித்து சமயத்துத் துறவியர் நெடுங்காலம் ஆழ்ந்து நோக்கினர். அவர் கண்டது ஆணவமலத்தின் இயல்பை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுமாதலின், ஈண்டு அதனைச் சிறிது கூறுவாம்.

இலத்தீன் மொழியிற் பணிவைக் குறிக்கும் 'ஹூமிலிதாஸ்' என்னுஞ் சொல், மண் எனப் பொருள்படும் 'ஹூமுஸ்' என்பதனோடு உறவுடையது. பண்டை உரோமர் அச்சொல்லைப் பெரும்பாலும் இழிவு, எளிமை என்னும் பொருளிலேயே வழங்கினர். அதனை அறத்துள் தலையாயதாக உயர்த்தியது கிறித்து சமயம். அதற்கு ஏது, தம் இறைவனே தாழ்ந்தானென்பது அவர் கொள்கை. இயேசு தாம் பிடிபட்ட இரவில், அதற்கு முன்னர், துணியை அரையிற் கட்டிக்கொண்டு, மாணாக்கர் அடிகளை நீராற் கழுவினாரென யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரங் கூறும். கி. பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த அகுஸ்தீனார், தாம் பயின்ற பிளேட்டோ மதத்தார் நூல்களில் இறைவனுடைய சொல்லின் பெருமையைக் கண்டதாகவும், அச்சொல் தன்னைத் தாழ்த்திக்கொண்டமையை அவற்றிற் காணாததாகவும் தம் வரலாற்று நூலின் 7-ஆம் பகுதியில் உரைத்தனர்.

இனி, இதனைப் பயிலுமாறு வகுத்தவருள் தலைசிறந்தவர் 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியா தேயத்து மோந்தே கசீனோ மடத்தை நிறுவிய பெனடிக்டு முனிவர். அவர் தம் மடத்தார்க்கு 73 அதிகாரங்களில் ஓர் ஒழுக்கநூல் செய்தனர். அதன் 7-ஆம் அதிகாரம் பணிவின் படிகள் பன்னிரண்டனைக் கூறும். இறைவன் எஞ்ஞான்றுங் காண்கின்றானென அஞ்சுதல் முதற்படி. தன் விருப்பத்தை விரும்பாமை இரண்டாம் படி. தலைவர்க்கு அடங்குதல் மூன்றாம் படி. அவ்வடக்கத்தில் வருந் துன்பங்களைப் பொறுத்தல் நான்காம் படி. தீய நினைவுகளை மறையாது தலைவர்க்குரைத்தல் ஐந்தாம் படி. இங்ஙனமே சென்று, எல்லாரினுந் தான் தாழ்ந்தவனென நாவால் மட்டுமன்றி நெஞ்சாலும் நம்புதல் ஏழாம் படியாகவும், நிற்பினும் இருப்பினும் நடப்பினுந் தலைகவிழ்ந்து நிலநோக்கும் மெய்யடக்கம் பன்னிரண்டாம் படியாகவும் முடியும்.

இப்படிகள் வெறுஞ் சொல்லாய் நில்லாமைப்பொருட்டு அம்முனிவர் செயல்களையும் விதித்தனர். அடுக்களைத் தொண்டு முறைவைத்து அனைவர்க்கும் உரியது. வார இறுதியில், தொண்டு முடித்தானும் இனித் தொடங்குவானும் எல்லாருடைய அடிகளையுங் கழுவுதல் வேண்டும். மடத்துத் தலைவரே விருந்தினர் கைக்கு நீர்வார்க்க வேண்டும். இருக்கைமுறை மடத்துட் புகுந்த காலம் பற்றியதேயன்றி, அகவை பற்றியதன்று. அடிமையாயிருந்தவனினும் உரிமைக்குடிப் பிறந்தான் அப்பிறப்பால் உயர்தலுமில்லை. கைத்தொழில் வல்லானொருவன் தன் திறத்தால் மடத்திற்குப் பொருள் வருகின்றதெனச் செருக்கின், அத்தொழிலினின்றும் அவனை நீக்குக என்பது 57-ஆம் அதிகாரம். மடத்திற்குப் பொருள்வரவு குன்றினுங் குன்றுக, அவன் உயிர் குன்றற்க என்பது கருத்துப்போலும். கல்வியைத் தொழிலாகக் கொண்ட நம்மனோர் இவ்விதியைத் தமக்குங் கூறியதாகக் கொள்ளுதல் நன்று.

அற்றேல், தலைகவிழ்த்தலும் நீர்வார்த்தலும் புறத்தொழில்களே. அகத்தே செருக்குடையானும் அவற்றைச் செய்யலாமன்றோ எனின், செய்யலாம். இதனைக் கிளேர்வோ மடத்துத் தலைவரான பெர்னார்டு முனிவர் நன்குணர்ந்தார். 12-ஆம் நூற்றாண்டினரான அவர், பெனடிக்டு முனிவரின் படிகளைப்பற்றி ஒருநூல் செய்தகாலைப் பணிவின் படிகளைவிடச் செருக்கின் படிகளையே விரித்துரைத்தனர். பணிவை வெளிக்காட்டுதற்பொருட்டுத் தன்னைத்தானே பழித்துரைக்கும் பொய்ம்மையும் அவற்றுள் ஒன்றாயிற்று. நூலிறுதியில், தாம் ஏறியறியாமையின் தாமறிந்த இறங்குபடிகளையே கூறியதாக உரைத்து அமைந்தார். பணிவைக் கற்பிக்கப் புகுவார்க்கு நேரும் இக்கட்டு இதனினுந் தெளிவாக உரைக்கப்படுதல் அரிது.

இவ்விடர்ப்பாட்டிற்கு அவர்கள் காணுந் தீர்வு அருளேயாம். மாந்தன் தன் முயற்சியானே நன்மையின் முற்றுப்பெறுவான் என்னுங் கருத்துடைய பெலாகியர் கொள்கை, அகுஸ்தீனார் காலத்து 418-இற் கார்த்தேசு நகரத்துக் கூடிய அவையில் மறுக்கப்பட்டது. பெனடிக்டு முனிவரும், படி பன்னிரண்டையும் ஏறினான் முன்பு அச்சத்தாற் செய்தவற்றைப் பின்பு இயல்பாகவும் அன்பாகவுஞ் செய்வனென்றும், இதனை அவன்பாற் காட்டுவது பரிசுத்த ஆவியென்றுங் கூறி முடித்தனர். ஆகவே, செயல் மாந்தனது. செயலைச் செய்தேனென்னும் முனைப்பு நீங்குதல் அருளினது.

இது நம் சித்தாந்தத்திற்கு அணித்தாயினும் முழுதும் ஒத்ததன்று. கிறித்து சமயத்தார்க்குச் செருக்கு, படைக்கப்பட்ட உயிர் தன் விருப்பால் இடையே செய்த குற்றம். ஆகலின் அவர்க்குப் பணிவு இழந்த நிலைக்கு மீளுதலாம். நமக்கோ ஆணவம் செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே உடனுள்ளது. பணிவு முன்னொருகாலும் பெறாத பேறு. ஆணவத்தின் மறைப்பு, மறைப்பென்று தோன்றாதவாறும் மறைக்கும். அதனாலன்றோ, சகலாகம பண்டிதர் ஆணவத்தின் வடிவு யாதென வினாவிய ஞான்று, இளஞ்சிறாரான மெய்கண்டதேவர் விடை பகராது, நின்ற அவரையே அடிமுதன் முடிகாறும் நோக்கினர். வினாவியவர் அந்நோக்கில் தம்மைக் கண்டார். அவரடிக்கண் வீழ்ந்து அருணந்தி சிவாசாரியராயினார். ஆகமங்களெல்லாம் ஓதியுந் தாமே காணாத ஒன்றனைப் பிறரொருவர் நோக்குக் காட்டிற்று.

இதனாற் பெறப்படுவது யாது? பணிவைப் பணிவெனக் குறிக்கொண்டு பயிலலாகாது, தொண்டினைப் பயிலலாம். கருத்துத் தொண்டின்மேலும் தொண்டுகொள்வார்மேலும் நிற்குந்துணையுந் தன்மேல் மீளாது. நாவரசர் உழவாரம் ஏந்திப் புல்செதுக்கியதும், திருப்பூந்துருத்திக்கண் பிள்ளையார் சிவிகையைத் தாங்கினாருள் ஒருவராய் மறைந்து நின்றதும் இதுவே. சரியை முதற்படியாக வைக்கப்பட்டமைக்கு ஏதுவும் இதனான் விளங்கும்.

பிறிதொன்றுங் கருதற்பாலது. பணிவு கீழிருப்பார்க்கே உரிய கடனென மேலிருப்பார் கூறுங்கால் அஃது அறமாகாது, அடக்குமுறையாம். நீர்வார்க்கும் விதி மடத்துத் தலைவர்மேலும் வைக்கப்பட்டமை இதுபற்றியே. 2013-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, அந்நாட் போப்பாண்டவராயிருந்த பிரான்சிஸ், உரோமையில் இளங்குற்றவாளிகளின் சிறைக்கூடஞ் சென்று, மகளிரும் இசுலாமியரும் உள்ளிட்ட பன்னிருவர் அடிகளைக் கழுவினார். கழுவப்பட்டார் தம்மைத் தாழ்த்த வேண்டிய கடன் ஆண்டில்லை. உயர்ந்த இருக்கையுடையார்க்கே அஃதிருந்தது.

நம் மடங்களிலும் மாணாக்கர் வீழ்ந்து வணங்கப் பயில்கின்றனர், அது நன்றே. வணங்கப்படுவார் எதனைப் பயில்கின்றனரென்பதே வினா. வணக்கத்தைத் தமக்கென ஏலாது, தம் ஆசிரியர் வழியாகச் சிவபெருமான் திருவடிக்குச் சேர்ப்பித்தலே அவர்க்குரிய பயிற்சியாம். அங்ஙனஞ் சேர்ப்பிக்குந்துணையும் வணங்குவானும் வணங்கப்படுவானும் ஒருங்கே பணிந்தவராவர். இடையே நிறுத்திக்கொள்ளின் வணங்கினான் உய்வான், ஏற்றான் உய்யான் என்க.