பெத்துக் குடுத்துடு

எதிர்பாராமல் கர்ப்பமான பெண்ணிடம், "கலைக்கப் போறியா, பெத்துத் தத்துக் குடுக்கப் போறியா?" என்று கேட்பவர்கள் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தக் கர்ப்பத்தைச் சுமக்க அவளால் முடியுமா, அவளுக்கு விருப்பமா என்பது ஒரு கேள்வி. பிறக்கும் பிள்ளையை யார் வளர்ப்பது என்பது அதற்கு அப்புறம் வருவது. முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டு இரண்டாவதைப் பற்றி ஊரே பேசும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். இரண்டு பிள்ளைகள், சின்னவன் பால்குடி மறக்கவில்லை. காப்பர் டி போட்டிருந்தும் மூன்றாவது தங்கிவிட்டது. கணவனின் அக்காவுக்கு நெடுங்காலமாகக் குழந்தை இல்லை. செய்தி கேட்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கலைச்சிடாத கண்ணு. பெத்து எங்கிட்ட குடுத்துடு. உசிரா வளர்க்கிறேன்." பக்கத்தில் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பமே கெஞ்சும்போது முடியாது என்று சொல்ல எத்தனை மருமகள்களுக்கு வாய் வரும்?

அந்த அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை. குழந்தையில்லாதவரை நம் ஊர் வளைகாப்பு வீட்டில் எப்படி நடத்தும் என்று தெரியும். ஆனாலும் அன்று கூடத்தில் யாரும் பேசாத விஷயங்கள் நிறைய. இடுப்பில் கைக்குழந்தையோடு மறுபடி மசக்கை, ரத்தசோகை, மறுபடி சிசேரியன். பிள்ளையைக் கொடுத்த பிறகு கட்டிக்கொள்ளும் பால். பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் செய்வதை, பிள்ளை பக்கத்து ஊரில் நலமாக இருக்கும்போது இவளுக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

முறை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் யாரும் யோசிக்கவில்லை. நாத்தனாரிடம் கொடுத்தால் பெற்றவள் அந்தக் குழந்தைக்கு அத்தை ஆகிவிடுவாள். கூடப் பிறந்தவர்கள் மாமன் மக்கள், கட்டிக்கொள்ளும் முறை! 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள்: பிறந்த வீட்டில் யாரை மணக்கக் கூடாதோ, தத்துப் போன பிறகும் அவர்களை மணக்கக் கூடாது. விசேஷ வீட்டில் கேலி பேசும் சொந்தக்காரர்கள் சட்டம் படித்துவிட்டா வருகிறார்கள்? அதே சட்டப்படி, முறையாக நடந்த தத்தை ரத்து செய்யவும் முடியாது. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்திருந்தாலாவது மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. சொந்தத்துக்குள் கொடுத்தால் அதுகூட இல்லை.

கலைப்பதற்கோ நாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்பது வாரத்துக்குள் என்றால் மருத்துவர் தரும் மாத்திரையிலேயே முடியலாம். கருத்தடை பலிக்காமல் போனதையும் 20 வாரம் வரை நம் சட்டம் காரணமாக ஏற்கிறது. மணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2021 திருத்தம் தெளிவாக்கியது. 24 வாரம் தாண்டினால் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும்.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வந்த பெண்ணுக்கு அதுதான் நடந்தது. அவரும் இரண்டு பிள்ளைகளின் தாய். பால் கொடுக்கும் காலம், மாதவிலக்கு வராததைச் சந்தேகப்படவில்லை; தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்டோபர் 9-ஆம் தேதி இரண்டு பெண் நீதிபதிகள் அனுமதித்தார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே கருத்து பிரிந்தது. 16-ஆம் தேதி அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு மறுத்துவிட்டது. 26 வாரம் 5 நாள். பிரசவச் செலவை அரசு ஏற்கும், தத்துக் கொடுப்பது பெற்றோர் விருப்பம் என்றது தீர்ப்பு. உயிர் வாழும் பருவத்தை எட்டிவிட்ட சிசுவின் இதயத்தை நிறுத்தச் சொல்ல எந்த நீதிபதிக்கும் கை நடுங்கும்தான். ஆனால் அந்தப் பெண் கேட்டது சுமையை இறக்கிவைக்க. வளர்க்க ஆள் கிடைப்பார்கள் என்பது அதற்குப் பதிலாகாது.

கலைக்க மனம் ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை, முக்கியமாகக் கல்யாணமாகாத பெண்களை, "யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்" என்று இழுத்துக்கொண்டு போகிற அம்மாக்களும் உண்டு. அப்படிப்பட்டவளுக்குத் தத்துதான் உண்மையான வழி; அவளை அவசரப்படுத்துவதும் அதே அளவு அநியாயம். ஆனால் கலைக்க அனுமதி மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் நடந்த 'டர்ன்அவே' ஆய்வில், கருக்கலைப்பு மறுக்கப்பட்டுப் பிள்ளை பெற்றவர்களில் தத்துக் கொடுத்தவர்கள் சுமார் 9 சதவீதமே.

எங்கள் வீட்டுப் பெண் நாள் கடத்தாமல் கலைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் கணவர் கையெழுத்து கேட்டார்கள். 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டுமே போதும் என்கிறது சட்டம். அங்கே அதை வாதாட யாருக்குத் தெம்பு? அவர் போட்டார். அக்காவிடம் போய்ச் சொல்லும் வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார், மனைவி தலையில் கட்டவில்லை. அண்ணி கொஞ்ச காலம் இவளோடு பேசாமல் இருந்தார். இப்போது தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவில் பதிவு செய்திருக்கிறார். வரிசை நீளம், வருஷக்கணக்கில் ஆகலாம் என்றார்களாம்.