பட்டையும் ஒளியும்

மணிகளுட் சிறந்தது வயிரம். அதனை நிறை, நிறம், தூய்மை, பட்டையமைதி என்னும் நான்கு பற்றித் தரம் பிரிப்பது இக்கால வழக்கு. இவற்றுள் முதன் மூன்றும் பெரும்பாலும் நிலத்தின் கொடை; பட்டையமைதி ஒன்றே முற்றும் மனிதர் கைத்தொழில். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையுட் கூறப்பெறும் காகபாதம் முதலிய நால்வகைக் குற்றங்களும் தூய்மை பற்றியனவே.

குற்றமற்ற கல்லாயினும் பட்டை பிழைபடின் அழகு குன்றும். அஃது எங்ஙனமெனின், மேன்முகத்தால் உட்புகுந்த ஒளி கீழ்ப்பட்டைகளிற்பட்டு மீண்டு, காண்பார் கண்ணை நோக்கி எழுதல் வேண்டும். பட்டைக்கு நேர்நிற்கும் கோட்டினின்று ஏறத்தாழ 24½ பாகைக்கு மேற் சாய்ந்து தாக்கும் ஒளி வெளியேறாது முழுதும் மீளும். அடிப்பாகம் ஆழங் குறையின் ஒளி கீழ்வழியே ஒழுகிப்போம். ஆழம் மிகின் நடுவிடம் இருளும். மார்செல் தொல்கோவ்ஸ்கி என்பார் இதனைக் கணித்து, வட்ட வயிரத்தின் கீழ்ப்பட்டைக்கு 40¾ பாகையும் மேற்பட்டைக்கு 34½ பாகையும் தக்க சாய்வெனக் கூறி, 1919-இல் நூல் வெளியிட்டார். அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 2006 முதல் வட்ட வயிரத்தின் பட்டையமைதியை ஐந்து படிகளாக வகுத்துத் தரங் கூறி வருகின்றது.

இனி, நிறை சிறந்ததோ ஒளி சிறந்ததோ எனின், கோகினூர் என்னும் பெருவயிரத்தின் வரலாறு காண்க. 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அதனைக் கண்டோர் பலர், அது மங்கிக் கிடத்தல் நோக்கி ஏமாற்றமுற்றனர். அது நம் நாட்டுத் தொழில்வல்லார் நிறையைப் பேணி அமைத்த பட்டையுடையது. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமினின்று வந்த வல்லுநர் 38 நாள் உழைத்து அதனை மீளத் தீட்டினர். இக்கால அளவையில் 191 காரட்டாயிருந்த கல் 105.6 காரட்டாயிற்று. ஒளி மிகுந்தது, கல்லிற் பாதியளவு தூளாயிற்று. அவ்விழப்பிற்கு வருந்தினாரும் உளர்.

இதனை உயிர்க்கண் வைத்து ஆராய்வாம். வயிரம் தானே ஒளிவிடுவதன்று. புறத்தொளியை ஏற்று விளங்குவது. உயிரும் திருவருளைச் சார்ந்தே விளங்கும். பட்டை தீட்டுவோன் புத்தொளி ஒன்றும் படைத்திலன். வந்த ஒளி வீணே ஒழுகாவண்ணம் வழியமைத்தான். கற்ற நூற்றொகை நிறை போல்வது. அடக்கமும் தொண்டும் பட்டை போல்வன. பல நூல் கற்றும், யான் எனது என்னுஞ் செருக்கை எள்ளளவும் தேயவொட்டாது காப்பவர், நிறைமிக்க மங்கற் கல்லே ஆவர். அவர்பால் வந்த அருளொளி பிறர்க்குப் பயன்படாது கழியும்.

வயிரத்தை மெருகிடுதற்கு வயிரத்துகளே வேண்டும். அவ்வாறே மக்களைத் தீட்டுதற்கு இறைவன் மக்கள் வடிவிற் குருவாய் எழுந்தருளுகின்றான்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. உவமை ஒருபுடை ஒப்பேயாம். வயிரம் இழந்த தூளும் வயிரமே. ஆதலின் அதற்கு வருந்தினார் வருத்தம் பிழையன்று. உயிர் இழப்பதோ தன்னிற் கூறன்று. தன்னை மறைத்த மலத்தின் வலியேயாம். ஆண்டு இழப்பென்பது பெயரளவே. ஆதலின் குருவின் கண்டிப்பிற்கும் தொண்டின் வருத்தத்திற்கும் நாம் அஞ்சுதல் வேண்டா.