ஓலைக்கு முன் ஒரு கேள்வி

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இக்குறைக்குக் காரணமான குற்றம் அவருடையதா, பெற்றோருடையதா என ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டார். அம்மறுப்பைத் தவக்கால ஞாயிறுகளில் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆயினும் அதே கேள்வி நம் பங்கு இல்லத்தின் திண்ணையில் ஒரு தாயின் வாயிலிருந்து வந்த நாளில், நம்மிடம் ஆயத்தமான விடை ஏதும் இருக்கவில்லை.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு ஒன்றில் குடியிருக்கும் எளிய குடும்பம். மகளுக்கு ஒன்பது வயது. நான்கு வயதில் விரல் மூட்டுகள் பருத்தன. பின்னர் நடை சாய்ந்தது. மூட்டுவாதம் என்று சொல்லி மூன்றாண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள். இறுதியில் வேலூருக்கு அனுப்பப்பட்டபோதுதான் இது வாதமே அன்று, பரம்பரைக் குறை என்று தெரிந்தது. "ஏனுங்க சாமி, அத்தை பையனத்தானுங்க கட்டிக்கிட்டேன். அது பாவமுங்களா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

மருத்துவர்கள் இந்நோயைப் போலி மூட்டுவாதம் என்ற பொருள்படும் நீண்ட பெயரால் அழைக்கின்றனர். மூட்டு வீங்கும், ஆனால் அழற்சி இராது. இரத்தப் பரிசோதனையில் மூட்டுவாதத்தின் அடையாளங்கள் தென்படா. எக்ஸ்ரே படத்தில் எலும்பு முனைகள் அகன்றும், முதுகெலும்புக் கட்டைகள் தட்டையாகியும் காணப்படும். வாதம் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் பயன் இல்லாதது மட்டுமன்று, அம்மருந்தை நெடுங்காலம் உட்கொள்ளும் எலும்பு மேலும் நலியும். மூட்டுக் குருத்தெலும்பைப் பேணும் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவில் நேர்ந்த பிழையே காரணம் என்பது 1999இல் கண்டறியப்பட்டது. அதன் பெயர் விஸ்ப்-3. உலகில் மிக அரிதான இந்நோய் குறித்து நம் நாட்டில் ஐதராபாத், மணிப்பால் ஆய்வாளர்களும், 2016இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும் ஆய்வுகள் வெளியிட்டுள்ளனர். உறவுக்குள் மணந்த பெற்றோரின் பிள்ளைகள் இந்நோயாளரிடையே மிகுதி.

ஏன் மிகுதி என்பதை விளக்க நமக்கு உதவுபவர் ஒரு துறவியே. அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட விதிகளை 1866இல் அச்சிட்டார். ஒவ்வொரு பண்புக்கும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் தாயிடமிருந்து ஒரு பிரதியும் பெறுகிறோம். ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும். அம்மனிதர் நோயின்றி வாழ்ந்து முடிப்பார். அதே பழுதை உடைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளிடம் ஒரே பழுது இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அவ்வளவே கணக்கு.

எனவே அந்தத் தாய்க்கு, "பாவம் இல்லை அம்மா" என்றோம். அறியாததில் குற்றம் இல்லை என்பது அறநெறி இறையியலின் முதற்பாடம். உறவில் மணந்தோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் உண்மை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நமக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

காரணம், அறிந்தவர் ஒருவர் இருந்தார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1091ஆம் விதி, அத்தை மகன், மாமன் மகள் ஆகிய நான்காம் படி உறவுவரை திருமணத் தடை விதிக்கிறது. தகுந்த காரணம் காட்டினால் ஆயர் விலக்கு அளிக்கலாம். அக்காரணத்தை எழுதுகிறவர் பங்குத்தந்தை. நாம் எத்தனை எழுதியிருக்கிறோம்! வரதட்சணை கொடுக்க வழியில்லை, தோப்பு பிரிந்துவிடும், இரு வீட்டாரும் விரும்புகின்றனர். இவை பொய்யல்ல. ஆனால் விலக்குக் கேட்டு வந்த மணமக்கள் எவரிடமும் அவர்கள் குடும்பத்தில் நடக்கமுடியாத பிள்ளையோ, காது கேளாத பிள்ளையோ உண்டா என்று நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை; நாமும் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. நம் வியாழக்கிழமை மாட்டுச் சந்தையில் நின்று பாருங்கள். ஒரு காளையை அதன் கன்றுகளோடு சேர்க்கலாகாது என்பதைக் கொங்கு நாட்டு விவசாயிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆழியாறு நகர்த் தென்னை ஆராய்ச்சி நிலையம் எதற்கு என்று கேட்டால் நெட்டை, குட்டை, வீரிய ஒட்டு என்று அவரே பாடம் நடத்துவார். அதே மனிதர்தான் மகளுக்கு வரன் பார்க்கும்போது அக்காள் வீட்டைத் தாண்டுவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை. மறைமக்களாகிய நாமும் இவ்வழக்கத்துக்கு விலக்கானவர்கள் அல்லர்.

இனி, நம் மனத்தை உண்மையில் அழுத்துவதைச் சொல்கிறோம். மரபணுவின் பிழை தெரிந்துவிட்ட குடும்பத்தில், அடுத்த குழந்தைக்கு அது உண்டா என்று கருவிலேயே சோதிக்க இயலும். அச்சோதனை பல இடங்களில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை நாம் அறிவோம். கருவை அழிக்கலாகாது என்று திருச்சபை உறுதியாகக் கூறுகிறது. அதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தக் கதவை அடைக்கும் நாம், அதற்கு முன்னிருந்த கதவைத் திறந்து காட்டினோமா? இளைஞரும் இளம்பெண்ணும் இன்னும் வாக்குக் கொடுக்காத காலத்தில், ஓலை வாசிக்கும் முன், சொல்லவேண்டியதைச் சொல்லாது வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தபின் ஒரு தாயிடம் மட்டும் வீரத்தைக் கேட்பது எவ்வகை நீதி? சிலுவையைச் சுமப்பவரைப் போற்றுவது எளிது. அச்சிலுவையைச் செதுக்கியதில் நம் பேனாவுக்கும் பங்கிருந்தால்?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. குறையுள்ளோரை ஒதுக்கும் மனப்பான்மைக்கு இது வழிவகுக்கும் என்று நண்பரான மற்றொரு குரு எச்சரித்தார். அவர் அஞ்சுவதில் பொருள் உண்டு. கர்நாடகத்தின் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்ற சிற்றூர் இருக்கிறது. 1970களில் அங்குள்ள ஏழைத் தலித் குடும்பங்களில் காணப்பட்ட பரம்பரை மூட்டுநோய்க்கு அவ்வூரின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஊரின் பெயரே நோயின் பெயரானால் அங்கே பெண் கேட்டு யார் போவார்? ஆகவே இவ்வறிவு மேடையில் பேசப்படும் செய்தியாகாமல், மூடிய அறையில், உரியவரிடம் மட்டும், ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியத்தை ஒத்த மதிப்போடு பகிரப்பட வேண்டும். எல்லாக் குறைகளையும் முன்னறியும் சோதனையும் கிடையாது. இருந்தும், எல்லாம் அறிய இயலாது என்பது அறிந்ததை மறைக்கக் காரணம் ஆகாது.

சென்ற மாதம் அதே குடும்பத்திலிருந்து மற்றொரு விண்ணப்பம் வந்தது. அந்தத் தாயின் தம்பிக்கு, அவர் கணவரின் தங்கையைப் பேசியிருக்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பழைய முறை. இருவருக்கும் அப்பழுது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு; குடும்பத்தின் பிழை இன்னதென்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஓர் இரத்தப் பரிசோதனையில் அறிந்துவிடலாம். இருவரையும் அழைத்துப் பேசி, முதலில் வேலூர் சென்று வரச் சொன்னோம். பாட்டிக்குக் கோபம். "நீங்க எழுதிக் குடுங்க சாமி, மத்தத ஆண்டவர் பாத்துக்குவாருங்க" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் வாசலில் திரும்பி நின்று, வேலூருக்குக் காட்பாடியில் இறங்கவேண்டுமா என்று கேட்டாள். விண்ணப்பம் நம் மேசையில் இருக்கிறது. காரணம் எழுதவேண்டிய இடத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.