நல்ல நாளும் நல்ல வீடும்

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்னும் ஆசையைவிட நியாயமான ஆசை உழைப்பாளிக்கு வேறொன்று இருக்க முடியாது. அதிலும் கெடாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு இவ்வாசை தலைமுறை தலைமுறையாக அடக்கி வைக்கப்பட்ட ஆசையாகும். அவன் பாட்டன் பால்மரம் சீவினான். தகப்பன் செம்பனைக் குலை அறுத்தான். இருவரும் லயத்து வீட்டிலேயே காலங் கழித்தனர். லயத்து வீடு வேலையோடு வந்தது; வேலையோடு போயிற்று. தொழிலாளிக்கு முதலாளி தரும் குடியிருப்பு இன்ன தரத்தில் இருத்தல் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததேயன்றி, வேலை முடிந்த பின்னும் அவ்வீடு அவனுடையதே என்று விதிக்கவில்லை. ஆகவே பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் தோட்டங்கள் தாமான்களாக மாறிப் புது வீடுகள் வரிசை வரிசையாக எழும்பொழுது, அவற்றுள் ஒன்றேனும் நமக்கு வேண்டுமென நம்மவர் நினைப்பதில் குற்றமில்லை. அந்நினைவை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஆசை நியாயமானது என்பதனால் அதனை அடையும் முறையும் நியாயமானதாகிவிடாது. புது வீடு வாங்குகிறவன் யாருக்கு என்ன கடமைப்பட்டவன் என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்பும் கேள்வி. பணம் கொடுத்தேன், சாவி பெற்றேன், அத்துடன் என் கடமை தீர்ந்தது என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். இக்கருத்து வாங்குகிறவனையும் கெடுக்கிறது, அவனுக்கு அயலில் வாழ்கிறவனையும் கெடுக்கிறது என்பது நமது துணிபு.

முதலில் வாங்குகிறவன் நிலையைக் கவனிப்போம். கடையில் ஒரு வேட்டி வாங்குகிறவன் அதை விரித்துப் பார்க்கிறான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். சாயம் போகுமா என்று கேட்கிறான். வீடு வாங்குகிறவனோ இன்னும் கட்டப்படாத வீட்டை, வர்ணம் தீட்டிய படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறான். இந்நாட்டு வழக்கப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்பொழுது விலையில் 10 விழுக்காடும், அதன்பின் அடித்தளம், தூண், சுவர், கூரை என வேலை ஏற ஏற மற்றத் தவணைகளும் செலுத்தப்படுகின்றன. வங்கி ஒவ்வொரு தவணையாகச் செலுத்தச் செலுத்த வாங்கியவன்மேல் வட்டியும் ஏறுகிறது. குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒருபுறம். குடிபுகாத வீட்டுக்கு வட்டி ஒருபுறம். தரைவீட்டை 24 மாதங்களுக்குள் ஒப்படைத்தல் வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பொதுவிதி. அவ்வாறே ஒப்படைக்கப்பட்டால் நன்று. கட்டுகிறவர் பாதியில் நொடித்துப்போனால் என் செய்வது? தூண்கள் மட்டும் நிற்க, அவற்றினிடையே லாலான் புல் மண்டிக் கிடக்கும் காட்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. கைவிடப்பட்ட வீடமைப்புத் திட்டங்களுக்கென்று அரசாங்கம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. வீடு எழும்பவில்லை என்பதற்காக வங்கிக் கடன் தானே மறைந்துவிடுவதில்லை. முப்பது ஆண்டு வியர்வையைச் சேமநிதியில் சேர்த்து, அதிலிருந்து வீட்டுக்கென எடுத்துக் கொடுத்தவன், முதுமையில் வீடுமின்றிச் சேமிப்புமின்றி நிற்பதைக் காட்டிலும் கொடிய நிலை வேறென்ன?

நிற்க. இத்துணை அபாயமுள்ள விஷயத்தில் நம்மவர் செய்யும் பரீட்சை யாது? நாள் பார்க்கின்றனர். வாசல் கிழக்கா மேற்கா என்று பார்க்கின்றனர். வீட்டு எண்ணைக் கூட்டிப் பார்த்து, எட்டு வந்தால் முகஞ் சுளிக்கின்றனர். தோட்ட அலுவலகத்துக் கிராணியிடம் ஒப்பந்தத் தாள்களைக் கொண்டுவந்து காட்டுவோர் உண்டு. ஆனால் கையெழுத்திட்ட பின்னரே கொண்டுவருகின்றனர். கையெழுத்துக்கு முன்னர் அவர்கள் கொண்டுசெல்வது சாதகத்தை மட்டுமே, அதுவும் சோதிடரிடம்.

அந்தத் தாள்களிலே என்ன இருக்கிறது என்று பார்த்தாரா? வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் வரை சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு, தரை இறக்கம் முதலிய குறைகளைத் தம் செலவில் திருத்திக் கொடுப்பது கட்டியவர் கடமை. குறையை எழுத்து மூலம் அறிவித்தால் 30 நாட்களுக்குள் அவர் திருத்துதல் வேண்டும். விலையில் 5 விழுக்காடு இதன்பொருட்டே வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்படுகிறது. கட்டியவர் திருத்தத் தவறினால், உரிய அறிவிப்புக்குப் பின் நாமே திருத்தி, அச்செலவை அந்தத் தொகையிலிருந்து பெறலாம். அதிலும் வழக்குண்டானால், வீடு வாங்குவோர்க்கென 2002ஆம் ஆண்டு முதல் தனித் தீர்ப்பு மன்றமே இயங்கி வருகிறது. இவை யாவும் இருந்தும் என்ன பயன்? ராகு காலம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதை நிமிடக் கணக்காய் அறிந்தவர், குறை திருத்தும் காலம் என்று முடிகிறது என்பதை அறியார். சுவர் வெடித்தால் வாஸ்துவின் மேல் பழி போட்டுப் பரிகாரம் தேடுகின்றனர். பரிகாரம் வேண்டியது சிமெண்டுக்கு, செய்யப்படுவதோ கிரகங்களுக்கு!

இதுகாறும் கூறியது வாங்குகிறவன் தனக்குத் தானே இழைத்துக் கொள்ளும் தீங்கு. இனி அயலானுக்கு நேரும் தீங்கைப் பார்ப்போம். புது வீடு வெற்றிடத்தில் எழும்புவதில்லை. பக்கத்தில் பழைய கம்பம் இருக்கும், பழைய வீடுகள் இருக்கும், அவற்றில் மனிதர் இருப்பர். கட்டும் காலமெல்லாம் செம்மண் புழுதியும், கனரக லாரிகளின் ஓட்டமும், அடித்தளத் தூண்களை இறக்கும் அதிர்ச்சியும் அவர்களைச் சார்ந்தவை. அவை ஓரிரு ஆண்டுகளில் தீரும். தீராத துன்பம் நீரினால் வருவது. மரங்கள் நின்ற நிலம் மழையின் ஒரு பகுதியைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அதே நிலத்தைச் சமப்படுத்தி, மேடாக்கி, தாரும் சிமெண்டும் பூசிவிட்டால், வீழ்ந்த நீரெல்லாம் உடனே ஓடித் தாழ்ந்த இடத்தைத் தேடும். அந்தத் தாழ்ந்த இடம் பெரும்பாலும் ஏழையின் முற்றமாகவே இருக்கும். தாமானிலே வெள்ளம் இல்லை என்று விளம்பரம் செய்கின்றனர். அவ்வெள்ளம் யார் வீட்டுக்குப் போயிற்று என்று சொல்வதில்லை.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் மாடிவீடுகளுக்கு நேர்ந்த கதியே சான்று. அவற்றுக்கு மேலேயிருந்த குன்றில் பிறிதொரு வீடமைப்புக்காக மரங்கள் அழிக்கப்பட்டன. நீரும் மண்ணும் சரிவிலே இறங்கின. அவற்றைத் தாங்கும் ஆற்றல் அங்கிருந்த வடிகாலுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் இல்லை. தொடர்மழைக்குப் பின், 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மூன்று கட்டடங்களுள் ஒன்று சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். எஞ்சிய இரு கட்டடத்தாரும் வீடுவாசலை விட்டு வெளியேறினர். அவர்கள் தொடுத்த வழக்கில், உள்ளூர் நகராண்மைக் கழகத்துக்குப் பொறுப்பில்லை என்று 2006ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதி கொடுத்தவர்க்கு இல்லாத பொறுப்பைக் குடியிருந்தவரே சுமக்க நேர்ந்தது. சட்டம் நிற்கும் இடத்தில் அறமும் நின்றுவிடலாகாது என்பதற்கு இதனினும் வேறு உதாரணம் வேண்டுமா?

அயலான் என்றால் இன்று பக்கத்தில் இருப்பவன் மட்டுமல்லன். அந்நிலத்தில் நேற்று இருந்தவனும் அயலானே. தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனையாகும்பொழுது முதலில் மூட்டை கட்டுகிறவன் அங்கேயே பிறந்து அங்கேயே உழைத்த தொழிலாளி. அவன் லயமும், அவன் பிள்ளைகள் ஓடிய திடலும் மண்வாரி இயந்திரத்துக்கு இரையாகின்றன. அவ்விடத்தில் எழும் புது வீட்டை வாங்குகிறவன் யார்? பல சமயங்களில் வேறொரு தோட்டத்திலிருந்து அவ்வாறே வெளியேற்றப்பட்டவனின் மகன்! அவன் வாங்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. முன்னிருந்தவர்க்கு மாற்று வீடு கொடுக்கப்பட்டதா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

உயிரோடிருப்பவர் பாடு இவ்வாறானால், என்றோ வாழ்ந்தவர் பாட்டைச் சொல்லவா வேண்டும்? பீடோங்குக்கு அணித்தேயுள்ள சுங்கை பத்துவில், பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ் சின்னங்களுள் 11 என்னும் எண் பெற்ற சண்டி ஒன்று இருந்தது. இப்பள்ளத்தாக்கின் சின்னங்களை 1930களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதெனக் கருதப்பட்ட அந்தச் சண்டி, வீடமைப்புக்கென நிலத்தைத் திருத்துகையில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. நிலம் தனியாருடையது, சின்னமோ அரசிதழில் பதியப்படாதது. ஆகவே யாரும் அறியாமலே அது மறைந்தது. கடாரம் என்றும், 1025ஆம் ஆண்டில் இராசேந்திரன் கப்பல் செலுத்தினான் என்றும் மேடைதோறும் பெருமை பேசுவதில் நாம் குறைவைக்கவில்லை. அந்தக் கடாரத்தின் செங்கல் எந்த மனையின் அடியில் கிடக்கிறது என்று விசாரிப்பதில்தான் குறைவைத்தோம். அந்தச் சண்டி கோயிலா, எந்தச் சமயத்தாருடையது என்பதன்று நமக்கு முக்கியம். அது மனித உழைப்பின் வரலாறு. அதை அழித்துப் பெறும் கூரை நிழல் விலை மலிவானதன்று.

“ஏழை ஒருவன் இவற்றையெல்லாம் கேட்டு என்னவாகப் போகிறது? கட்டுகிறவர் கட்டுகிறார், அரசாங்கம் அனுமதிக்கிறது, நாம் எம்மாத்திரம்?” என்று சிலர் வினவலாம். இது பணிவு போலத் தோன்றினும் உண்மையில் சோம்பலேயாகும். கட்டுகிறவர் கையிலுள்ள பணம் யாருடையது? நூறு ஏழைகள் போட்ட நூறு கையெழுத்துக்களே அல்லவா? அந்த நூறு பேரும் தனித்தனியே நாள் பார்ப்பதற்குப் பதிலாக ஒன்றுகூடி உட்கார்ந்து, இக்கட்டுநர் முன்னர்க் கட்டிய வீடுகள் எந்நிலையில் உள்ளன, உரிமம் நடப்பில் உள்ளதா, மழைநீர் எங்கே போகிறது, இங்கிருந்தவர் எங்கே போனார் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டால், பதில் சொல்லாமல் விற்க எவராலும் இயலாது.

ஒன்றுகூடுதல் நமக்குப் புதிதுமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தைக் கொண்டு அச்சங்கம் முதன்முதல் வாங்கிய தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் அன்றோ? நாட்கூலியிலிருந்து மிச்சம் பிடித்து ஒரு தோட்டத்தையே வாங்கத் துணிந்தவரின் பேரப்பிள்ளைகள், ஒரு வீட்டு ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் கூடிப் பேசவும் அஞ்சுவது அழகன்று.

ஆகவே வீடு வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். ஆனால் வாங்குமுன் கேளுங்கள். கேட்டதைப் பக்கத்திலுள்ளவர்க்கும் சொல்லுங்கள். குடிபுகுந்த பின் உங்கள் வடிகால் எவர் வாசலில் முடிகிறது என்று ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள். அயலான் முற்றத்தில் நீர் தேங்காமலும், முன்னிருந்தவன் வயிறெரியாமலும், வாங்கியவன் கடனில் மூழ்காமலும் எழும்பும் வீடே நல்ல வீடு. அத்தகைய வீட்டுக்குள் எந்த நாளில் நுழைந்தாலும் அந்நாள் நல்ல நாளேயாகும்.